மலைக்காட்டில் சைக்கிள்: போட்ட பாதையிலேயே போவோம்

சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே உருவான ஒரு வகைச் சைக்கிள் உண்டு. கைப்பிடி பந்தயச் சைக்கிளைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் டயர் அதைவிட அகலமாக, பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றையும் குறைவாகவே அடிப்பார்கள். தார்ச்சாலையில் வேகமாகப் போகலாம், மண்பாதையில் இறங்கினாலும் தடுமாறாது. கடைகளில் இதைக் 'கிராவல் பைக்' என்பார்கள். 2022இல் இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் இதற்கென முதல் உலக வெற்றியாளர் போட்டியே நடந்தது.

மத்தியதரைக்கடல் நாடுகளில் குன்றுகள் நிறைந்த இயற்கைப் பூங்காக்களில் இந்தச் சைக்கிள்களை நிறையப் பார்க்கலாம். பார்சலோனா நகரை ஒட்டிய கொல்செரோலா இயற்கைப் பூங்கா அவற்றுள் ஒன்று. அங்கே எடுத்த காணொளிகளைப் பார்க்கும் நம் மாணவர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "புக்கிட் தீமா மலைமேல் மட்டும் ஏன் சைக்கிளில் போகக்கூடாது? நடப்பவர்கள் உச்சிவரை போகலாம், எங்களுக்கு மட்டும் தடையா?"

இது நியாயமான கேள்வி. "கூடாது என்றால் கூடாது" என்று சொல்லிவிட்டால் அது பதிலாகாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் காட்டுக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் உட்பகுதியைச் சைக்கிளுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவும் மாட்டேன். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதை நீங்கள் வகுப்பில் படிக்கும் அழுத்தம், உராய்வு, இயக்க ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டே விளக்க முடியும்.

நம் காடு எவ்வளவு பெரியது?

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் மாற்று ரயில் தேவையில்லாமல் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மழைக்காடு. உலகில் வெகு சில நகரங்களுக்கே இந்த வசதி உண்டு.

அந்த வனப்பகுதியின் பரப்பளவு சுமார் 163 ஹெக்டர், அதாவது 1.63 சதுர கிலோமீட்டர். கொல்செரோலா 8,000 ஹெக்டருக்கும் மேல் பரந்தது. ஏறத்தாழ ஐம்பது புக்கிட் தீமாக்களை அதற்குள் அடக்கலாம். அவ்வளவு பெரிய பூங்காவிலேயே குறுகலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அகலமான பாதைகளே அவற்றுக்கு உரியவை.

நம் மலையின் உயரம் 163 மீட்டருக்குச் சற்று அதிகம். கொல்செரோலாவின் திபிதாபோ சிகரம் 512 மீட்டர். உயரத்திலும் பரப்பிலும் நம்முடையது சிறியதுதான். ஆனால் உயிர் வளத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் புக்கிட் தீமா வட்டாரத்தில் தங்கி, சிறிய இடத்துக்குள்ளேயே சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். டார்வினுடன் சேர்த்துப் பரிணாமக் கொள்கையோடு பேசப்படுகிறாரே, அதே வாலஸ்தான். 1880களிலேயே காப்புக்காடாக ஒதுக்கப்பட்டதால் சிங்கப்பூரின் பழங்காட்டில் ஒரு பகுதி இங்கே தப்பிப் பிழைத்தது. 2011இல் இது ஆசியான் மரபுடைமைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சிறிய காட்டில் ஒவ்வொரு பாதையும் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலப் பாதை ஒன்றால் இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் தூரம் வரை வெளிச்சம், வெப்பம், சத்தம் மாறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் பாதை போட்டால் 21 × 1,000 = 21,000 சதுர மீட்டர், அதாவது 2.1 ஹெக்டர் போய்விடும். பத்து கிலோமீட்டருக்கு 21 ஹெக்டர். 163இல் 21 என்பது எட்டில் ஒரு பங்கு. 8,000 ஹெக்டர் பூங்காவில் அதே 21 ஹெக்டர் ஏறத்தாழக் கால் விழுக்காடுதான்.

சக்கரமா, காலணியா?

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருவோம். நடப்பவர்களும்தானே பாதையைத் தேய்க்கிறார்கள்?

ஆமாம், தேய்க்கிறார்கள். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் எடை ஏறத்தாழ 800 நியூட்டன். டயரில் 200 கிலோபாஸ்கல் காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 800 ÷ 200,000 = 0.004 சதுர மீட்டர். அதாவது 40 சதுர சென்டிமீட்டர். ஒரு சக்கரத்துக்கு 20. ஒரு தீப்பெட்டியின் மேற்பரப்பைப் போலத்தான் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு காலணியில் நின்றால் அழுத்தம் 47 கிலோபாஸ்கல் அளவுதான். டயரின் அழுத்தம் அதைப் போல நான்கு மடங்கு. அப்படியென்றால் சைக்கிள்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடலாமா?

அவசரப்படக்கூடாது. ஆய்வாளர்கள் இதைக் களத்தில் சோதித்திருக்கிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மொன்டானா மாநில மலைப்பாதைகளில் நடப்பவர்கள், குதிரைகள், மோட்டார்சைக்கிள்கள், சைக்கிள்கள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டார்கள். செயற்கை மழை பொழியச் செய்து, அடித்துவரும் மண்ணை அளந்தார்கள். குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரங்களைவிட அதிக மண்ணைத் தளர்த்தின. 2001இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் காடு ஒன்றில் செய்த ஆய்விலோ, பாதையில்லாத இடத்தில் 500 தடவை வரை நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அழுத்தம் மட்டும் கதையைச் சொல்லிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. நடக்கும்போது குதிகாலை ஊன்றி, விரலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். சக்கரம் உருண்டு போகிறது. ஆகவே "சைக்கிள்காரர்கள்தான் காட்டைக் கெடுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நீங்கள் தயங்காமல் மறுக்கலாம். அறிவியல் உங்கள் பக்கம் நிற்கும்.

ஆனால் இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் இன்னொரு முடிவு உங்கள் பக்கம் நிற்காது. யாரும் கால் வைக்காத இடத்தில் முதல் சில பத்துத் தடவைகளிலேயே சேதத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் சேதம் மெதுவாகத்தான் கூடுகிறது. ஏற்கெனவே தேய்ந்த பாதையில் நூற்றோராவது ஆளாகப் போகிறவர் புதிதாகச் செய்யும் கெடுதல் மிகக் குறைவு. பக்கத்தில் ஒரு குறுக்குவழியை வெட்டி முதல் ஆளாகப் போகிறவர் செய்யும் கெடுதல் மிக அதிகம். அது காலணியாக இருந்தாலும் சரி, டயராக இருந்தாலும் சரி.

அதனால்தான், ஒரு சகதிக் குழியைத் தவிர்ப்பதற்காகப் பாதையின் ஓரமாகச் சுற்றிப் போவதைக்கூட நான் சிறிய விஷயமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் சுற்றுவார், அடுத்தவர் அதே தடத்தில் போவார், பாதை அகலமாகும். பிறகு அந்த ஓரமும் சகதியாகும். மூன்றாமவர் இன்னும் தள்ளிச் சுற்றுவார். ஒரு மீட்டர் பாதை மூன்று மீட்டர் ஆவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

மழை வந்தால் கணக்கு மாறும்

மத்தியதரைக்கடல் நாடுகளில் கோடைக்காலம் வறண்டது. பாதை காய்ந்து இறுக வாரக்கணக்கில் நேரம் கிடைக்கும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையே இல்லாத பருவம் என்று ஒன்று கிடையாது.

புக்கிட் தீமா மலை கருங்கல் மலை. ஆனால் அந்தக் கருங்கல் பல்லாயிரம் ஆண்டுகளாக வெப்பத்திலும் மழையிலும் சிதைந்து மேற்பரப்பில் மண்ணாகிவிட்டது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகும். குவார்ட்ஸ் அப்படிச் சிதையாமல் மணலாக நிற்கும. இந்த மண் காய்ந்திருக்கும்போது உறுதியாக இருக்கும். நனைந்தால் துகள்களுக்கு இடையே நீர் புகுந்து பிடிமானம் குறையும். அப்போது டயர் அழுத்தினால் பள்ளம் விழும். பிரேக்கை இறுகப் பிடித்துப் பின்சக்கரம் சறுக்கினால் மண் உரிந்து வரும்.

அந்தப் பள்ளம்தான் தொடக்கம். 100 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தப் பாதைமேல் மட்டும் விழும் நீர் 100 × 0.05 = 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர். காட்டுத் தரை என்றால் சருகும் வேரும் தளர்ந்த மண்ணும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மிதிபட்டு இறுகிய பாதையால் அது முடியாது. மலைச்சரிவில் நேர்கீழாக ஒரு டயர்ப் பள்ளம் இருந்தால் நீர் முழுவதும் அதற்குள் திரண்டு வேகமெடுக்கும். வேகம் கூடக் கூட, நீர் தூக்கிச் செல்லும் மண்ணின் அளவு அதைவிடப் பல மடங்கு கூடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு தட்டுகளில் ஒரே அளவு மண்ணை நிரப்பித் தட்டி இறுக்குங்கள். ஒன்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். மற்றதில் குறுக்காக இழுங்கள். இரண்டையும் ஒரே கோணத்தில் சாய்த்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கீழே வடியும் கலங்கலைப் பிடித்து, வடிகட்டி, காயவைத்து எடை போடுங்கள். மலைப்பாதையை ஏன் நேராக மேலே ஏற்றாமல் சரிவுக்குக் குறுக்கே வளைத்து வளைத்துப் போடுகிறார்கள் என்பது உங்கள் தராசிலேயே தெரியும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பாதை அமைப்பவர்களின் பொதுவான விதி.

தேக்காவைக் கடந்து போகும் மண்

மலையில் கரைந்த மண் எங்கே போகிறது? பெரும்பாலானோர் இதை யோசிப்பதே இல்லை.

முதலில் மலையின் ஓடைகளுக்குப் போகிறது. உலகில் சிங்கப்பூரில் மட்டுமே வாழும் ஒரு நன்னீர் நண்டு இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ். நம் நாட்டு விலங்கியலாளர் பீட்டர் இங் 1986இல் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். புக்கிட் தீமா ஓடைகளில்தான் அது முதலில் கண்டெடுக்கப்பட்டது. மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலில் இப்போது அது இருக்கிறது. கல்லுக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் ஒளிந்து வாழும் பிராணி அது. ஓடை நீரின் அமிலத்தன்மை கூடுவது ஏற்கெனவே அதற்குப் பெரிய ஆபத்து. அந்த ஒளிவிடங்களை வண்டல் வந்து அடைத்தால் அது வேறு எங்கே போகும்? இங்கே அழிந்தால் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும்.

பிறகு அந்த நீர் நகருக்குள் வருகிறது. புக்கிட் தீமா சாலையின் நடுவே ஓடும் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அது தேக்கா பக்கமாக வந்து ரோச்சோர் கால்வாயாகி, மரினா நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. புக்கிட் தீமா வட்டாரத்து வெள்ளநீரில் ஒரு பகுதி வேறு கால்வாய் வழியாக மேற்கே திருப்பிவிடப்படுகிறது. எஞ்சியது லிட்டில் இந்தியாவை ஒட்டியே செல்கிறது. பெருமழைக்குப் பிறகு கால்வாய் நீர் தேநீர் நிறத்தில் ஓடுவதற்குக் காரணம் களிமண் துகள்கள். மணல் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். களிமண் துகள் மிக நுண்ணியது என்பதால் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அந்தக் கலங்கலில் கட்டுமானத் தளங்களின் மண்ணும் இருக்கும், பூங்காக்களின் மண்ணும் இருக்கும்.

கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலில் விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருக்கக்கூடாது என்று சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறது. குடிநீராகப் போகும் நீர் என்பதால் அத்தனை கண்டிப்பு. மலைச்சரிவில் நாம் வெட்டும் ஒரு குறுக்குவழிக்கும் அதே பொறுப்பு உண்டு என்று நினைப்பதில் தவறில்லையே?

வேகம் என்ற வேறுபாடு

ஒரு தடவைக்கு ஒரு தடவை ஒப்பிட்டால் சைக்கிளும் காலும் ஏறத்தாழச் சமம் என்றோம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஒப்பிட்டால் சமம் கிடையாது. நடப்பவர் நான்கு கிலோமீட்டர் போகும் நேரத்தில் சைக்கிளோட்டி பன்னிரண்டு கிலோமீட்டர் போய்விடுவார். மும்மடங்கு தூரத்தில் பறவைகளும் விலங்குகளும் திடுக்கிடும்.

இன்னொன்று, நிறுத்தும் தூரம். சரளையில் உராய்வுக் கெழு 0.35 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், ஆபத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், நிற்பதற்கு மொத்தம் பத்து மீட்டர் தேவை. 30 கிலோமீட்டர் வேகத்தில் பதினெட்டு மீட்டர். மழைக்காட்டின் வளைந்த பாதைகளில் எதிரே பத்து மீட்டர் தெரிவதே அரிது. எதிரே வருவது கைத்தடி ஊன்றிய தாத்தாவாக இருக்கலாம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையாகவும் இருக்கலாம். புக்கிட் தீமாவின் உட்பாதைகளைக் கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும் விட்டுவைப்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

பெரிய சாலைகள் இந்தக் காட்டுக்குச் செய்ததையும் நினைவில் வைக்க வேண்டும். 1986இல் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, இந்த வனத்தை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து துண்டித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, புக்கிட் தீமாவில் எஞ்சியிருந்த கடைசிப் பட்டை இலைக்குரங்கும் நாய்களால் கடிபட்டு இறந்தது. 2013இல்தான் விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென ஒரு பசுமைப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. காட்டைத் துண்டாக்குவதற்கு ஒரு சாலை போதும்; மறுபடி ஒட்டவைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அப்படிப் பாடுபட்டு ஒட்டவைத்த காட்டை நாமே சின்னச் சின்னத் தடங்களால் மறுபடி கீற வேண்டுமா?

அப்படியானால் எங்கே ஓட்டுவது?

நல்ல செய்தி என்னவென்றால், இடம் இருக்கிறது. புக்கிட் தீமா வனப்பகுதியின் ஓரமாகவே சுமார் ஆறு கிலோமீட்டருக்கு மலைச் சைக்கிள் பாதை ஒன்று பல ஆண்டுகளாக உள்ளது. செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர் பரப்பில், சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர், நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டர் எனப் பாதைகளைத் தனித்தனியாகப் பிரித்து அமைக்கப்பட்டது. புலாவ் ஊபினில் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா இருக்கிறது. சரளைப் பாதையின் சுவை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு மலாயா ரயில் ஓடிய பழைய தடம் இருக்கிறது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன அந்த 24 கிலோமீட்டர்த் தடம் புக்கிட் தீமா மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கிறது.

சரளைப் பாதை ஏன் தாங்குகிறது என்பதும் ஓர் இயற்பியல் பாடம். ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் குவித்துப் பாருங்கள், உருண்டு ஓடும். இன்னொரு தட்டில் உடைத்த வெல்லக் கட்டிகளைக் குவியுங்கள், ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஆற்றுக் கூழாங்கல் கடலையைப் போன்றது. உடைத்த கருங்கல் வெல்லத்தைப் போன்றது. அதன் கூர் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். நுண்ணிய கல்தூள் இடைவெளிகளை ஓரளவு அடைத்து இறுக்கும். மீதி இடைவெளி வழியாக மழைநீர் இறங்கும். சக்கரத்தின் அழுத்தமும் பல கற்களுக்குப் பகிர்ந்து போகும்.

இதே புக்கிட் தீமா வட்டாரம் ஒரு காலத்தில் கருங்கல் தோண்டி உடைத்து நாட்டின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கல் தந்த இடம். ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம், சிங்கப்பூர்க் கற்சுரங்கம் என்று அந்தக் குழிகளைச் சுற்றி இன்று பூங்காக்கள் இருக்கின்றன. சைக்கிள் பாதைகள் இன்னும் வேண்டும் என்று கேட்பவர்கள் இத்தகைய இடங்களை நோக்கிக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். ஏற்கெனவே வெட்டுப்பட்ட நிலத்தில், வனத்துக்கு வெளியே அரணாக நிற்கும் பூங்காக்களில், கல்லும் வடிகாலும் போட்டு முறையாக அமைத்த பாதைகளைக் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுவேன். இளையர்களுக்குச் சவாலான பாதை போதவில்லை என்றால், அவர்களில் சிலர் தாங்களே காட்டுக்குள் ஒன்றை வெட்டிக்கொள்ளும் ஆசை வளரும். அதைத் தண்டத்தால் மட்டும் தடுக்க முடியாது.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். வனப்பகுதியில் குறித்த பாதையை விட்டு விலகினால் 2,000 வெள்ளி வரை அபராதம் என்று அறிவிப்புகள் சொல்கின்றன. பக்கத்திலேயே, "இங்கே ஒரு டயர்த் தடம் மழைநீரை எப்படித் திருப்புகிறது" என்று ஒரு படமும் இருந்தால் நல்லது. உயர்நிலை ஒன்று மாணவருக்கும் புரியும் அளவு எளிய அறிவியல்தான் அது. காரணம் தெரிந்தவர் கண்காணிப்பு இல்லாத இடத்திலும் விதியைக் காப்பார்.

உங்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. பெருமழைக்குப் பிறகு மண்பாதை காயும்வரை ஒருநாளாவது பொறுங்கள். அதுவரை ரயில் தடத்தின் சரளையில் ஓட்டுங்கள். சகதி வந்தால் சுற்றிப் போகாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு நேராகப் போங்கள். சைக்கிளைக் கழுவிவிடலாம், பாதை ஓரத்து நாற்றை மறுபடி ஒட்ட முடியாது. இறக்கத்தில் பின்சக்கரத்தை இழுக்கவிடாமல் இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடியுங்கள். யாரோ போட்ட குறுக்குவழி கண்ணில் பட்டால் அதில் அடுத்த ஆளாகப் போகாதீர்கள். முதல் சில பத்துப் பேர்தான் ஒரு தடத்தை உண்டாக்குகிறார்கள் என்று பார்த்தோம். அவர்களில் ஒருவராகச் சேராமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

2014 செப்டம்பரிலிருந்து 2016 அக்டோபர் வரை புக்கிட் தீமா வனப்பகுதியின் பெரும்பகுதியை மூடி, சரிவுகளைப் பலப்படுத்தி, தேய்ந்த பாதைகளைச் செப்பனிட்டார்கள். நடந்து தேய்ந்த பாதைகளுக்கே இரண்டு ஆண்டு ஓய்வு தேவைப்பட்டது. ஆகவே நடப்பவர்களும் இந்த விதிகளுக்கு விலக்கல்ல. அடுத்த முறை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கால்வாயை ஒரு நிமிடம் பாருங்கள். நீர் எந்த நிறத்தில் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். மலையைப் பற்றிய உங்கள் முதல் தரவு அதுவாக இருக்கட்டும்.